கடைசி ஆளாக நடந்தவர்

அன்று மாலை நான்கரை மணிக்கு ஓடைப் பாறையில் தலை எண்ணியபோது இருந்தவர்கள்: மதுரையிலிருந்து வந்த எட்டுப் பேரில் ஏழு பேர், முன்னால் வழிகாட்டி நடந்த நான், எப்போதும் கடைசி ஆளாக நடந்து வரும் அவர். இல்லாதவர் சுந்தரேசன் சார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் நித்யா அந்த ஏழு பேரில் ஒருத்தி.

கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் விட்டுப்போக முடியாது. அதற்காகத்தான் ஒருவர் கடைசியில் நடக்கிறார். அதனால் நான் முதலில் பயப்படவில்லை. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன்.

கடைசியில் நடந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். உறவு கிடையாது, பக்கத்து ஊர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. போலீஸ் காகிதத்தில் அவர் பெயரை ஒரு தடவை என் கையாலேயே எழுதினேன். அது போதும்.

கொடைக்கானலிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் பழைய நடைபாதையில் வெளியூர் ஆட்களைக் கூட்டிப் போவது எங்கள் வேலை. போனில் பேசுவது, இங்கிலீஷில் விளக்குவது, முன்னால் நடப்பது என் பங்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.காம். முடித்ததும் முதலாளி இந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார். மாமா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நல்ல மனநிலையில் இருந்தால் "மாப்ள." கிண்டல் என்றால் "ஏலே பிகாம்."

அவர் ஒருபோதும் முன்னால் நடக்க மாட்டார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாக இடது பக்கம் சாய்த்து, எல்லோருக்கும் பின்னால் வருவார். பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறி மாதிரி தெரியும். ஒரு கல்லூரிக் கூட்டத்தோடு இறங்கியபோது, பின்னாலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார், நீலச் சட்டை போட்ட பெண்ணை உட்காரச் சொல் என்று. நான் திரும்பி அவரிடம் ஏறிப் போனேன்.

"ஏன் மாமா, நல்லாத்தானே நடக்குது அந்தப் பிள்ள?"

"நடக்குது. குதிகால் தரையில பட மாட்டேங்குது. வெரசா உக்கார வையி."

அந்தப் பெண் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றாள். ஷூவைக் கழற்றினால் காலுறை ரத்தத்தில் ஊறியிருந்தது. தோழிகள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று சொல்லாமல் நடந்திருக்கிறாள். இருபது பேர் நடக்கிற சத்தத்தில் ஒருத்தியின் ஒரு குதிகால் தரையில் படாததைக் கேட்ட காது அது.

இந்தக் காது குதிரைகளிடம் படித்தது. எங்கள் பக்கத்துக்கு ஜீப் வருவதற்கு முன்னால் மலை வாழையும் காப்பிக்கொட்டையும் குதிரை முதுகில்தான் கீழே இறங்கின. அவரிடம் ஐந்து குதிரைகள் இருந்தன. ஐந்தையும் முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நடப்பார். "குதிரை வாயத் தொறந்து காலு வலிக்குதுன்னு சொல்லாது மாப்ள. லாடம் சொல்லும். இருவது லாடத்துல ஒண்ணு ஆட்டம் கண்டாலும் சத்தம் மாறும். அதக் கேக்காதவன் அன்னைக்கே ஒரு குதிரையப் பள்ளத்துல விட்டுருவான்." அவர் ஒரு குதிரையையும் விட்டதில்லை. ஜீப் வந்ததும் ஐந்தையும் விற்றார். அதைப் பற்றி வருத்தமாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. "தின்னு தீத்துச்சுக" என்பார்.

குதிரை ஓட்டியபோதும் அவர் கையில் கம்பு வைத்துக்கொள்ளவில்லையாம். கம்பைக் கண்டால் குதிரை கம்பையே பார்த்து நடக்கும், பாதையைப் பார்க்காது என்பது அவர் கட்சி. மனிதர்களுக்கும் அதையே சொன்னார். எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது அங்கேதான்.

கம்பு வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. என் அப்பா மூட்டை சுமந்து இறங்கியே முட்டி தேய்ந்தவர். ஐம்பது வயதுகூட ஆகாமல் தரையில் சம்மணம் போட முடியாமல் ஆகிவிட்டார். ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான் முட்டி கெடுகிறது, இரண்டு கையிலும் கம்பு பிடித்தால் அந்தப் பாரத்தில் கொஞ்சத்தைக் கை வாங்கிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். படித்ததை மாமாவிடம் விளக்கினேன்.

"உங்கப்பனுக்கு முட்டி போனது கம்பு இல்லாததாலயா? எண்பது கிலோ மூட்டையால. மூட்டையக் கொறைக்கச் சொல்லி எவனாச்சும் படிச்சானா?"

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் விடவில்லை. வயதானவர்கள் வருகிறார்கள், முட்டி வலிக்காரர்கள் வருகிறார்கள், கம்பு இருந்தால்தான் அவர்களால் இறங்க முடியும் என்று முதலாளியிடம் சொல்லி எட்டு ஜோடி வாங்க வைத்தேன். மடக்கி நீட்டுகிற அலுமினியக் கம்பு, நுனியில் கூரான இரும்பு. மாமா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு காலு ஆயிப்போச்சு. லாடம் அடிச்சு விட்ருவமா?" என்றார். வந்திருந்த ஆட்களும் சிரித்தார்கள்.

முதல் தடவை கம்புகளோடு இறங்கியபோது பாறையில் பதினாறு இரும்பு நுனி. டக் டக் என்று பாதை முழுக்கச் சத்தம். கடைசியில் வந்தவரின் முகம் சுண்டிப் போயிருந்தது. டீ குடிக்க நின்றபோது சொன்னார்:

"சந்தைக்குள்ள நடக்குற மாதிரி இருக்குலே. கம்பு பேசுது. ஒருத்தன் காலும் கேக்கல."

நான் நம்பினேன். எல்லோரும் நம்பினார்கள். அந்தக் காதுக்கு ஒன்று கேட்கவில்லை என்றால் குற்றம் காதில் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? பெருமாள்மலைப் பக்கத்து டீக்கடையில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இன்னும் வளைவு திரும்பாத பஸ்ஸை வத்தலக்குண்டு வண்டி, டிரைவர் புதுசு, கியரைப் போட்டு இழுக்கிறான் என்று சொன்ன காது. பஸ்ஸின் உறுமல் அவருக்குக் கடைசிவரை கேட்டது. குறைந்தது வேறு சத்தங்கள். மெல்லியவை, கூரானவை. அது எங்களுக்குத் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. ஒருநாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அத்தை, அவர் மனைவி, தீய்ந்த குக்கரைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் முறையிட்டார்.

"உங்க மாமாவுக்கு மலையில எறும்பு போறது கேக்குமாம்ல தம்பி. இங்கன குக்கர் எட்டு விசில் அடிச்சுப் பருப்பு கருகிக் கெடக்கு. பக்கத்துல உக்காந்து பீடி குடிச்சிட்டிருக்காரு."

"எட்டா? நான் மூணுல எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார் மாமா.

"எண்ணுவீக. வீட்டுச் சோலின்னா மட்டும் காது மலையேறிப் போயிரும்."

மூன்று பேரும் சிரித்தோம். அவருக்கு ஒரு விசில்கூடக் கேட்டிருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொரு தடவை ஆள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் பாதையைப் பார்க்கப் போயிருந்தோம். புதருக்குள் காட்டு மாடு நின்றது. மூச்சு விடுகிற சத்தம், செடி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. மாமா நேராக அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். கொம்பைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பின்வாங்கினார்.

"தெரியும்லே. அது என்ன செய்யுதுன்னு பாத்தேன்."

பீடி பற்றவைக்க மூன்று குச்சி ஆனது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, வயசாகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அவர் மகள் திண்டுக்கல்லில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். காது போன ஆளை முதலாளி கடைசியில் நடக்க வைப்பாரா? முன்னால் நடக்க நான் இருக்கிறேன். நடுவில் நடப்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

அவர் வகுத்த வழக்கம் ஒன்று எங்களிடம் இருந்தது. சிறுநீருக்கோ வேறு எதற்கோ பாதையை விட்டு ஒதுங்குகிறவர் பாறையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். திரும்பிப் பாதைக்கு வந்ததும் ஒரு தட்டு. அதுவரை மாமா அந்த இடத்திலேயே நிற்பார். குரல் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணுக்குப் போறவன் கத்துவானா? பொம்பளப் பிள்ளைக கத்துமா? வெக்கப்பட்டுட்டுச் சொல்லாமப் போயிரும். தட்டச் சொன்னா தட்டிரும்."

முன்பு கல்லால் தட்டுவார்கள். கம்பு வந்தபின் கம்பால் தட்டினார்கள். நல்ல கணீரென்ற சத்தம், இன்னும் வசதி என்று நான்தான் சொன்னேன்.

ஆனால் மாமா தினமும் ஒரே பேச்சாக இருந்தார். இந்த இரைச்சலில் கால் சத்தம் கேட்கவில்லை, ஒன்று கம்பு வேண்டாம், இல்லை நான் வேண்டாம். எனக்குக் கம்பும் வேண்டும், அவரும் வேண்டும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வத்தலக்குண்டு இரும்புக்கடையில் நாற்காலிக் காலுக்குப் போடுகிற ரப்பர் புஷ் தொங்கும். பதினாறு வாங்கி வந்தேன். கொஞ்சம் பெரிதாக இருந்தது. மாமா பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி, நுனியில் சுற்றி, புஷ்ஷை இறுக்கி மாட்டி, அதற்கு மேலும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினார். பாறையில் குத்திப் பார்த்தார். தொப் என்றது.

"இப்பத்தான்லே வாய மூடுச்சு" என்றார். அன்று முழுக்க என்னை மாப்ள என்றே கூப்பிட்டார்.

முட்டிக்கும் வழி பண்ணியாயிற்று, காதுக்கும் வழி பண்ணியாயிற்று என்று எனக்குப் பெருமை. இரும்பு நுனி பாறையைக் கடித்துப் பிடிப்பதற்காகத்தான் கூராக இருக்கிறது, பாசி படிந்த ஈரப் பாறையில் ரப்பர் வழுக்கும் என்பதையும் நான் அதே இடத்தில்தான் படித்திருந்தேன். காய்ந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. அதனால் மறந்து போனேன்.

ஐப்பசியில் சுந்தரேசன் சாரின் போன் வந்தது. "தம்பி, எனக்கு முட்டி கொஞ்சம் சரியில்ல. பொண்ணு ஆசைப்படுறா. ஸ்டிக் குடுப்பீங்கன்னா வரேன்." கண்டிப்பாகக் கொடுப்போம் சார், தைரியமாக வாங்க என்றேன்.

இரண்டு நாள் தூறல் விட்ட மறுநாள் இறங்கினோம். சார் எட்டாவது ஆள், மாமாவுக்கு முன்னால். மெதுவாக, ஒவ்வொரு படியாக, இரண்டு கம்பையும் ஊன்றிப் பார்த்துப் பார்த்து இறங்கினார். மத்தியானம் சாப்பாட்டுக்கு நின்றபோது, "இந்தக் கம்பு இல்லேன்னா நான் வீட்லயே இருந்திருப்பேன் தம்பி" என்று என்னிடம் சொன்னார். மாமாவைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கரைக்கு ஓடைப் பாறை. ஏழு பேர்.

"சார் எங்க மாமா?"

"முன்னாடி வந்துட்டாருன்னுல்ல நெனச்சேன்" என்றார். அவர் அப்படி நினைக்கிற ஆள் இல்லை. அவர் கேட்கிற ஆள்.

நித்யா ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கேட்க நிற்காமல், மற்றவர்களைப் பாறையிலேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் மேலே ஓடினோம். கால் மணி நேர ஏற்றத்தில் ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் செடி மூடிய சரிவு. பாதைக் கல் முழுக்கப் பாசி. அங்கே மாமா நின்றார். தலைத் துண்டை அவிழ்த்தார். தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டார். அவர் அப்படி நின்றால் நாங்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். நானும் அடக்கினேன்.

கீழே தண்ணீர் போகிற சத்தம். அதற்குள் வேறு ஒன்று. தொப், தொப், தொப். கொஞ்சம் விட்டு, தொப், தொப். ஏதோ வீட்டில் உரலில் காப்பிக்கொட்டை இடிக்கிற மாதிரி. அந்தப் பக்கம் தோட்டத்து வீடுகள் உண்டு.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு ஏதும் கேக்குதா மாப்ள?"

நான்கு வருடத்தில் அவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கியது வேறு. என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கேட்டது அவருக்குக் கேட்காமல் இருக்காது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றால் அது உரல்தான். உரல் சத்தத்தைப் பெரிதாகச் சொல்லி ஏலே பிகாம் என்று வாங்கிக் கட்டிக்கொள்ள மனமில்லை.

"இல்ல மாமா" என்றேன்.

உடனே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். "அப்ப இங்கன இல்ல. மேல எஸ்டேட் பாதை பிரியுதுல்ல, அதுல திரும்பிட்டாரு. வா."

இருட்டும் வரை எஸ்டேட் பாதையில் தேடினோம். கூப்பிட்டுக்கொண்டே போனோம். இரண்டு பேரும் சேர்ந்து, சார், சார் என்று, அவரிடமிருந்து தூரமாகப் போய்க்கொண்டே கூப்பிட்டோம்.

மறுநாள் வெள்ளனே ஊர்க்காரர்களும் தீயணைப்பு ஆட்களும் கயிறு கட்டி இறங்கினார்கள். அந்த வளைவுக்கு நேர் கீழே, நாற்பது அடியில் இருந்தார். ஒரு கால் உடம்புக்கு அடியில் மடிந்திருந்தது. கையில் ஒரு கம்பு. அதன் நுனியில் புஷ் இல்லை. ட்யூப் கீற்றைப் பல்லால் கடித்து இழுத்துப் பிரித்திருக்கிறார், அதன் துணுக்கு சட்டையில் ஒட்டியிருந்தது. பக்கத்துப் பாறையில் கைக்கு எட்டுகிற இடம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். இரும்பு கொத்திய புள்ளிகள். அவர் புஷ்ஷைக் கழற்றி முடித்தபோது நாங்கள் அங்கே இல்லை.

விலா ஒடிந்திருந்தது, கத்த மூச்சு வந்திருக்காது, ஆனால் விடிகிற நேரம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நித்யாவும் அப்போது பக்கத்தில் நின்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"அப்பா ஒதுங்குறப்ப ரெண்டு தட்டு தட்டினாங்க. முன்னாடி நடந்த எனக்கே லேசா கேட்டுச்சு. அவர் நின்னு கூட்டிட்டு வருவார்னுதான் நான் திரும்பிப் பாக்கல. பின்னாடியே வந்தவருக்கு எப்படிங்க கேக்காமப் போகும்?"

மாமா என் பக்கத்தில்தான் நின்றார். அவள் பேசி முடிக்கும் வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு கேட்காமல், ஒதுங்கிய சாரைத் தாண்டி மாமா வந்துவிட்டார். தட்டியதற்கு யாரும் நிற்கவில்லை என்று கண்டதும் சார் பதறி எட்டிப் பிடிக்க வந்திருப்பார். ஈரப் பாசி, ரப்பர் நுனி, அந்த வளைவு. அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஸ்டேஷனில் எழுதத் தெரிந்த ஆள் என்று மாமாவின் வாக்குமூலத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கேக்கலையா, கவனிக்கலையா?"

"கேக்கலங்க."

"உன் காதப் பத்தி ஊரே பெருசா பேசுதே."

"அது முன்னாடிங்க."

"அப்புறம் ஏன்யா கடைசியில நடந்த?"

மாமா பதில் சொல்லவில்லை. அதையும் இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார், எழுதினேன். வளைவில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டதை அவர் சொல்வார் என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். சொல்லவே இல்லை. அவர் சொல்லாததை நானும் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து, வெளியே மழையில் நின்றார்.

அதற்குப் பிறகு அவர் மலைக்கு வரவில்லை. நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மகளுக்கு வேலை கிடைத்து, அவளோடு போய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். தோளைத் தொட்டதும் திரும்பினார். கண் என் முகத்தில் நிற்காமல் வாய்க்கு இறங்கியது.

"என்ன மாப்ள, நல்லாருக்கியா? அப்பனுக்கு முட்டி எப்படிருக்கு?"

"அப்படியேதான் இருக்கு மாமா."

தலையாட்டினார். பிறகு அவரே கேட்டார், சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி.

"அன்னைக்கு வளைவுல ஒனக்குக் கேட்டுச்சுதானே?"

இரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது. "கேட்டுச்சு மாமா" என்றேன். பக்கத்தில் தேனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து என் பக்கம் குனிந்தார்.

"சத்தமாச் சொல்லு."

சுற்றிலும் ஆட்கள். பூக்காரம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மூட்டையோடு நின்ற இருவர். வாயைத் திறந்தேன். சத்தமாக என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வந்து நின்ற திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிப் போனார்.

பஸ் நகர்ந்ததும் எதிரே அந்த இரும்புக்கடை தெரிந்தது. வாசலில் கயிற்றில் கோத்து, கறுப்பாக, நாற்காலிக் கால் புஷ்கள் அப்படியே தொங்கின. ஒன்று பதினைந்து ரூபாய். நான் வாங்கியது பதினாறு. இருநூற்று நாற்பது ரூபாய்.